மடங்கும் கியரும் தேயும் டயரும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்: கியர் (சக்கரமும் அதைத் தாங்கும் காலும்) உள்ளே மடங்கும் சிறிய விமானங்களின் டயர். பதில்களில் வரும் காற்றழுத்தம், டார்க் (போல்ட்டை இறுக்கும் திருகுவிசை) போன்ற எண்கள் விளங்கிக்கொள்வதற்காகத் தரப்பட்டவை. உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதுதான் சரி.

கேள்வி: மெயின் டயர் இரண்டையும் மாற்றினோம். பழையது போலவே 6.00-6, அதே 6 ப்ளை (டயரின் பலத்தைக் காட்டும் எண்). கம்பெனி மட்டும் வேறு. சில தரையிறக்கங்களிலேயே டயரின் தோளில் சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருக்கிறது. சக்கரக் குழியின் மேல்தகட்டில் கறுப்புக் கறை. அளவு ஒன்றுதானே, ஏன் உரசுகிறது?

பதில்: பெயர் ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. 6.00-6 என்றால் அகலம் ஏறக்குறைய 6 அங்குலம், ரிம் 6 அங்குலம். வெளிவிட்டத்தைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. காற்று நிரப்பிய புது 6.00-6 டயரின் விட்டம் 17.5 அங்குலம் வரை போகலாம். அதைவிட அரை அங்குலம் குறைந்தாலும் அதே பெயரில்தான் விற்கும். ஒரு கம்பெனியின் டயர் மேல் வரம்பை ஒட்டியும் இன்னொன்று கீழ் வரம்பை ஒட்டியும் இருக்கும். ட்ரெட் (தரையைத் தொடும் ரப்பர்) ஆழம் கூடிய மாடல்கள் பொதுவாகச் சற்றுப் பெரியவை. கியர் மடங்காத விமானத்தில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. மடங்கும் விமானத்தில் குழிக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிதான் இருக்கும். அங்கே கால் அங்குலம் என்பது பெரிய சமாச்சாரம்.

அதோடு, டயர் வாங்கிய அளவிலேயே நிற்பதும் இல்லை. காற்று அடித்த முதல் 12 முதல் 24 மணி நேரத்தில் உள்ளிருக்கும் நைலான் நூல் இழுபட்டு டயர் கொஞ்சம் பருக்கும். பறக்கப் பறக்க இன்னும் கொஞ்சம். மூன்றாவதுதான் பலர் மறந்துவிடுவது: சுழலும் டயர் மையவிலக்கு விசையால் பருக்கும். 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் மேலெழும்பும்போது 17.5 அங்குல டயர் நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதன் வெளி விளிம்பில் இருக்கும் ரப்பரை இழுக்கும் விசை அதன் எடையைப் போல் சுமார் 500 மடங்கு. 10 கிராம் சேறு ஒட்டியிருந்தால் அது 5 கிலோ எடைபோல் இழுக்கும். இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும் நிலையிலேயே சக்கரம் குழிக்குள் போகிறது.

எப்போது உரசுகிறது என்பதை உங்கள் தடயமே சொல்கிறது. டயரைச் சுற்றி முழு வளையமாகப் பளபளப்பு இருந்தால், சுழன்றுகொண்டிருக்கும்போது எதையோ தொட்டிருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தழும்பு இருந்தால், நின்ற பிறகு கதவோ தகடோ அழுத்துகிறது. உங்களுடையது முதல் வகை. ஜாக்கில் ஏற்றிக் கியரை மெல்ல மடக்கிப் பார்த்தால் இது அகப்படாமலே போகலாம், ஏனென்றால் அங்கே சக்கரம் சுழல்வதில்லை. அதனால் ஜாக்கில் தொடாமல் போனால் மட்டும் போதாது, எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்று அளக்க வேண்டும். குழியின் மேல்தகட்டிலும் பக்கங்களிலும் விளையாட்டுக் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒட்டி, கியரை மடக்கி இறக்கி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் இடைவெளி கையில் வந்துவிடும். கையேட்டில் கேட்கும் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். முடிந்ததும் உருண்டைகளை எண்ணி எடுத்துவிடுங்கள், ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

டயரை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. ஆயில் ஸ்ட்ரட் (அதிர்ச்சி தாங்க நீண்டு சுருங்கும் கால்) உள்ள விமானத்தில் சக்கரம் தரையை விட்டதும் ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு இறங்க வேண்டும். காற்று குறைந்தோ சீல் பிடித்துக்கொண்டோ அது பாதியில் நின்றால், சக்கரம் குழிக்குள் தன் இடத்தில் உட்காராமல் தள்ளிப் போய் உரசும். டயரும் மாறி, ஸ்ட்ரட்டும் சோம்பலாக இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கதவின் இணைப்புக் கம்பி, மேல் நிறுத்தத்தின் (மடங்கிய கியர் போய் நிற்கும் எல்லை) சரிகட்டல் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இது முடியும்வரை அந்த விமானத்தில் கியரை மடக்கிப் பறக்காதீர்கள். டயர் உரசித் தேய்வதைவிடப் பெரிய பயம், குழிக்குள் சிக்கி இறங்க மறுப்பது. உதிரிப் பாகப் பட்டியலில் சில விமானங்களுக்கு டயரின் கம்பெனியும் மாடலும்கூடக் குறிப்பிட்டிருக்கும். அளவு ஒன்றுதானே என்று அந்த வரியைத் தாண்டிவிடுவதுதான் இந்தக் கோளாறின் வழக்கமான தொடக்கம்.

கேள்வி: ரீட்ரெட் டயர் மலிவு, ரப்பரும் தடிமன். போடலாமா?

பதில்: கியர் மடங்காத பயிற்சி விமானத்துக்கு நல்ல தேர்வு. உங்களுக்கு, மேலே சொன்ன காரணத்தாலேயே, இரண்டு முறை யோசிக்க வேண்டியது. உடல் ஏற்கனவே ஓடிப் பருத்த பழைய டயர், அதன் மேல் புது ரப்பர். விட்டமும் தோளின் அகலமும் புது டயரைவிடக் கூடுதலாக வர வாய்ப்பு அதிகம். மடங்கும் கியருக்கு ரீட்ரெட்டே வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. கையேடு தடுக்கவில்லை என்றாலும், காற்று அடித்து ஒரு நாள் விட்டு, களிமண் சோதனை செய்த பிறகே முடிவெடுங்கள்.

கேள்வி: தரையை விட்டதும், கியரை மடக்குமுன் பிரேக்கை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். வேண்டவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் தத்தம் விமானத்தைச் சொல்கிறார்கள். செஸ்னா 172 ஆர்ஜி போன்றவற்றின் செயல்பட்டியலிலேயே மேலெழும்பியதும் பிரேக்கைச் சற்று அழுத்தச் சொல்லியிருக்கிறது. உங்கள் பட்டியலில் இருந்தால் செய்யுங்கள். மெதுவாக, ஒரு நொடி. ஓங்கி மிதித்தால் 1,400 சுற்றில் ஓடும் டயர் சட்டென்று நின்று, டயர் ரிம்மின் மேல் வழுக்கும். டியூப் டயரோடு நகரும், வால்வோ ரிம்மின் துளையில் மாட்டியிருக்கும். வால்வின் அடி கிழிந்தால் பறக்கும்போதே காற்று போய்விடும், தரையிறங்கும் வரை உங்களுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: டயரிலிருந்து ரிம் வரை குறுக்கே ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு, ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம். கோடு உடைந்து இரண்டாக விலகியிருந்தால் டயர் வழுக்கியிருக்கிறது, கழற்றிப் பார்க்க வேண்டும். மூக்குச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் என்ன மிதித்தாலும் அது சுழன்றுகொண்டேதான் உள்ளே போகும். அதனால் உரசல் தடயம் தேடும்போது மூக்குக் குழியையும் விடாமல் பாருங்கள்.

கேள்வி: எந்த அளவு தேய்ந்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டும்? நடுவில் காடி (ட்ரெட்டில் உள்ள பள்ளம்) இன்னும் நன்றாகத் தெரிகிறது, வெளி ஓரம் மட்டும் மொட்டை.

பதில்: மாற்றிவிடுங்கள். கையேட்டில் வேறு அளவு இல்லையென்றால் விதி இதுதான்: டயரைச் சுற்றி எந்த ஓர் இடத்திலாவது, எந்த ஒரு காடியாவது அடிமட்டம் வரை தேய்ந்தால் வேலை முடிந்தது. சராசரி பார்ப்பதில்லை. ஆழமான காடியை அளந்து மனதைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு, அளக்க வேண்டியது மிக ஆழம் குறைந்த காடியை. நூல் தெரிந்தால் பேச்சே இல்லை, எவ்வளவு ரப்பர் மிச்சமிருந்தாலும் அன்றே கழற்ற வேண்டும்.

விமானத்தைச் சற்று உருட்டி முழுச் சுற்றையும் பாருங்கள். நின்ற நிலையில் தரையைத் தொடும் பகுதி எப்போதும் மறைந்தே இருக்கும். பிரேக் பிடித்து வழுக்கிய சப்பை இடம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

காடியின் அடியில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். வெயிலும் ஓசோனும் ரப்பரைக் காயவைத்ததன் அடையாளம் அது. நூல் வரை இறங்காத வரை ஓட்டலாம். பக்கச் சுவரில் வீக்கம் தெரிந்தால் கதை வேறு. உள் அடுக்குகள் பிரிந்துவிட்டன, அந்த டயரை நம்பக் கூடாது. வீங்கிய இடத்தைக் காற்று இறக்குமுன்பே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். காற்று போனதும் வீக்கம் மறைந்துவிடும், பிறகு எந்த இடம் என்று தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: இரண்டு மெயின் டயரும் வெளி ஓரத்தில் மட்டும் தேய்கின்றன. காற்று சரியாகத்தான் வைக்கிறோம். திருப்பிப் போட்டால் தீருமா?

பதில்: திருப்பிப் போட்டால் டயரின் ஆயுள் நீளும், காரணம் தீராது. முதலில் காரணத்தைப் பாருங்கள்.

நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு தோளும் ஒன்றாகத் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு பக்கம் மட்டும் என்றால் சக்கரம் நிற்கும் கோணம். முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறதா, வெளிநோக்கியா என்று உள்ளங்கையாலேயே கண்டுபிடிக்கலாம். ட்ரெட்டின் மேல் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் வெளியே வரும்போது காடி ஓரங்கள் ரம்பம் போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. வெளி ஓரத் தேய்மானத்தோடு இது பொருந்தும். மாறி இருந்தால் வெளிநோக்கி.

பைப்பர் ஆரோ போன்ற ஆயில் ஸ்ட்ரட் வகைகளில், டார்க் லிங்க் (ஸ்ட்ரட்டில் சக்கரம் பக்கம் திரும்பாமல் பிடிக்கும் கை) இணைப்பில் இருக்கும் வாஷர்களை இடம் மாற்றிக் கோணத்தைச் சரிசெய்யலாம். ஆனால் வாஷரைத் தொடுமுன் இணைப்பின் புஷ்ஷிங் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறதா பாருங்கள். ஜாக்கில் ஏற்றி, டயரை முன்னும் பின்னும் பிடித்துத் திருக்கினால் கையிலேயே தெரியும். ஆடும் இணைப்பில் எத்தனை வாஷர் மாற்றினாலும் ஓடும்போது கோணம் நிலைக்காது. மூனி எம்20 வகையில் ஆயில் ஸ்ட்ரட் கிடையாது, அடுக்கி வைத்த ரப்பர் வட்டுகள்தான் அதிர்ச்சி தாங்குகின்றன. வருடக்கணக்கில் எடை தாங்கி அந்த ரப்பர் அமுங்கிப்போனால் விமானம் தாழ்ந்து நிற்கும், சக்கரத்தின் கோணமும் அதோடு மாறும். அங்கே டயரைப் பார்த்துப் பயனில்லை, வட்டுகளை மாற்ற வேண்டும்.

கோணம் சரியாக இருந்தும் வெளி ஓரம் தேய்ந்தால் ஓட்டும் பழக்கத்தைப் பாருங்கள். டாக்ஸி செய்யும்போது வேகமாகத் திரும்புவதும், ஒரு பக்கப் பிரேக்கைப் பூட்டி அதே இடத்தில் சுற்றுவதும் ஓரத்தைச் சுரண்டி எடுக்கும். ஒரு டயர் மட்டும் மற்றதைவிட வேகமாகத் தேய்ந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஜாக்கில் சுற்றிப் பார்ப்பது முதல் வேலை.

இனி திருப்பிப் போடுவது: ஓரத்தில் இன்னும் காடி மிச்சமிருக்கும்போதே செய்ய வேண்டும். மொட்டையான பிறகு திருப்புவதில் அர்த்தமில்லை. சக்கரத்தை முழுவதும் பிரித்து, டயரை மட்டும் பக்கம் மாற்றி, சமநிலைப் புள்ளியை (டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி) மீண்டும் பொருத்தி மாட்ட வேண்டும். எப்படியும் பிரிக்கிறோம் என்பதால் பேரிங்கையும் அப்போதே கழுவிக் கிரீஸ் வைத்துவிடலாம்.

கேள்வி: காற்றழுத்தம் டயரில் எழுதியிருப்பதா, கையேட்டில் இருப்பதா?

பதில்: கையேட்டில் இருப்பது. டயரில் அச்சிட்ட எடை அந்த டயர் அதிகபட்சம் தாங்கக்கூடியது. 6.00-6 அளவில் 4 ப்ளை டயர் 29 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) 1,150 பவுண்டும், 6 ப்ளை டயர் 42 பிஎஸ்ஐயில் 1,750 பவுண்டும், 8 ப்ளை டயர் 55 பிஎஸ்ஐயில் 2,350 பவுண்டும் தாங்கும். உங்கள் சக்கரத்தின் மேல் இறங்கும் எடை என்னவோ அதற்கேற்ற அழுத்தத்தை விமானம் செய்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ப்ளை என்பது இன்று பலத்தின் குறியீடுதான், உள்ளே அத்தனை அடுக்கு எண்ணிப் பார்க்க முடியாது. 4 ப்ளை கேட்கும் விமானத்துக்கு 6 ப்ளை போட்டீர்கள் என்பதற்காக 42 அடிக்கக் கூடாது. நடு தேயும், இறங்கும் அதிர்ச்சி அத்தனையும் கியருக்குப் போகும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது, கடைசியாக ஓடி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் அளக்க வேண்டும். ஜாக்கில் எடை இல்லாமல் அளந்தால் தரையில் இருக்கும் அளவைவிடச் சுமார் 4 சதவீதம் குறைவாகக் காட்டும், அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் 1 சதவீதம் மாறும் என்று ஒரு சூத்திரம் புழங்குகிறது. பெரிய விமானங்களின் உயர் அழுத்த டயருக்கு அது ஒத்துவரும். நம்முடைய குறைந்த அழுத்த டயரில் இறக்கம் அதைவிட அதிகம். 40 டிகிரியில் 42 பிஎஸ்ஐ வைத்த டயர் 10 டிகிரிக்குப் போனால் ஒரு துளி காற்று கசியாமலே 36, 37க்கு இறங்கிவிடும். நைட்ரஜன் அடித்தால் இது நடக்காது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். உலர்ந்த காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் இந்தக் கணக்கு ஒன்றே.

கேள்வி: புது டயர், புது டியூப். மாலையில் 42 வைத்தோம், காலையில் 39. டயரின் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழியும் வருகிறது. டியூப் ஓட்டையா?

பதில்: முதல் நாள் என்பதால் அநேகமாக இல்லை. நைலான் இழுபட்டு உள்ளே இடம் கூடியதால் அழுத்தம் இறங்கியது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று, பக்கச் சுவரில் பீடுக்கு (ரிம்மில் உட்காரும் டயரின் உள் விளிம்பு) அருகே இருக்கும் நுண்ணிய துளைகள் வழியே வெளியேறுகிறது. அதற்காகவே போட்ட துளைகள் அவை, நிறப் புள்ளி வைத்து அடையாளம் காட்டியிருப்பார்கள். பெயின்ட் அடித்தோ பசை வைத்தோ அவற்றை அடைத்துவிடாதீர்கள். மீண்டும் 42 வையுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அதாவது 40க்குக் கீழே போனால், அப்போது டியூபையும் வால்வையும் சந்தேகப்படலாம். வால்வு நுனியில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதில் தொடங்குங்கள். தளர்ந்த வால்வு ஊசிக்காகச் சக்கரத்தையே பிரித்தவர்கள் உண்டு.

கேள்வி: டியூப் நன்றாகத்தானே இருக்கிறது, புது டயருக்குள் பழைய டியூபையே வைக்கலாமா?

பதில்: கூடாது. ஓடிய டியூப் நிரந்தரமாகச் சுமார் 25 சதவீதம் பெரிதாகிவிடும். புது டயருக்குள் அது மடிந்துதான் உட்காரும், மடிப்பு உரசி அங்கேயே அறும். புது டியூப் வாங்கும்போது பியூட்டைல் ரப்பராகப் பார்த்து வாங்கினால், சாதா ரப்பரைவிடக் காற்று நின்று பிடிக்கும். வால்வின் வளைவு பழையதைப் போலவே இருக்கிறதா பாருங்கள். நேர் வால்வும் வளைந்த வால்வும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

கேள்வி: மெயின் டயர் மாற்றுவதைப் படிப்படியாக, எங்கே தவறு நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: தொடங்குமுன் பாட்டரியை அணைத்து, கியர் மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுங்கள். கியர் நெம்புகோல் கீழ் நிலையில் இருக்கட்டும், காக்பிட்டில் யாரும் உட்காரக் கூடாது. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக் கொடுங்கள்.

அடுத்தது காற்று. அச்சு நட்டைத் தொடுமுன்பே வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். இந்த ஒரு வரிசையை மாற்றினால் முதலுக்கே மோசம். சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் சேர்த்துக் கட்டியது. போல்ட் உடைந்தோ பாதி விரிந்தோ இருந்தால், சக்கரத்தை அச்சில் பிடித்து வைத்திருப்பது அந்த நட்டுதான். காற்று இருக்கும்போது பாதிகளின் போல்ட்டைத் தளர்த்தினால் அவை வெடித்துப் பிரியும், உயிரே போகலாம். கண்ணாடி அணிந்து, டயரின் பக்கவாட்டுக்கு நேரே நிற்காமல் ட்ரெட்டுக்கு நேரே நின்று செய்யுங்கள்.

பிரேக் காலிப்பரின் பின்தகட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை எடுத்தால் டிஸ்க் விடுபடும். இனிமேல் யாரும் பிரேக் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். காட்டர் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றி, சக்கரத்தை நேராக வெளியே எடுங்கள். பேரிங் மண்ணில் விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

ரிம்மோடு ஒட்டியிருக்கும் பீடைப் பிரிப்பதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. ஸ்க்ரூடிரைவரோ கார் டயர் நெம்புகோலோ வேண்டவே வேண்டாம். ரிம் மெல்லிய அலுமினியம் அல்லது மெக்னீசிய வார்ப்பு, ஒரு கீறல் விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சோப்புத் தண்ணீர் விட்டு, பீடை ஒட்டிய இடத்தில் நேராக அழுத்திச் சுற்றிச் சுற்றி வாருங்கள். பிரிந்த பிறகுதான் போல்ட்டுகள். பாதிகளைக் கழுவி, பீடு உட்காரும் வளைவு, போல்ட் துளைகளின் ஓரம், பேரிங் கிண்ணத்தின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் விரிசல் பாருங்கள்.

புது டயருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். உள்ளே ஒட்டிய காகித லேபிள் ஏதாவது இருந்தால் உரித்துவிடுங்கள். சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் அதன் விளிம்பு டியூபை அரித்துப் பஞ்சராக்கும். டால்க் பவுடரை லேசாகத் தூவுங்கள். குவியலாகக் கொட்டினால் ஈரம் பட்டுக் கட்டியாகி அதுவே உரசும். டியூபை உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் ஊதி உள்ளே வையுங்கள். டயரில் சிவப்புப் புள்ளி இருக்கும், அது டயரின் எடை குறைந்த இடம். டியூபில் மஞ்சள் கோடு இருந்தால் அது கனமான இடம். இரண்டையும் ஒன்றாக வையுங்கள். கோடு இல்லையென்றால் வால்வையே கனமான இடமாகக் கொண்டு சிவப்புப் புள்ளியை அதற்கு நேரே வையுங்கள். மூக்குச் சக்கரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் தரையில் ஓடும்போது நடுக்கமாகத் திருப்பித் தரும்.

பாதிகளைச் சேர்க்கும்போது டியூப் நடுவே கடிபடவில்லை என்று சுற்றிலும் பார்த்து, பிரேக் டிஸ்க்கைச் சேர்த்து வைத்து, போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுதி டார்க் சக்கரத்தின் தகட்டில் எழுதியிருக்கும். கிளீவ்லேண்ட் சக்கரங்களிலேயே ஒரு மாடலுக்கு 90 அங்குல-பவுண்டு, இன்னொன்றுக்கு 150. பார்க்காமல் நினைவிலிருந்து இறுக்குவதுதான் போல்ட் அறுவதற்கும் பாதிகள் அசைவதற்கும் காரணம். தானே பூட்டும் நட்டு விரலாலேயே முழுக்க ஏறினால் அதன் பிடிப்பு போய்விட்டது, மாற்றுங்கள். இம்பாக்ட் ரெஞ்ச் இந்த வேலைக்குக் கூடாது.

காற்றை ரெகுலேட்டர் வழியாகவே அடியுங்கள். பட்டறைக் கம்ப்ரஸரில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பிஎஸ்ஐ, 30 கேட்கும் டயருக்குச் சில நொடியில் அதிகமாகிவிடும். கூண்டு இருந்தால் உள்ளே வைத்து அடியுங்கள். முழு அழுத்தம் வரை அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள். இரண்டாம் முறைதான் டியூபின் சுருக்கங்கள் நீங்கி ஒழுங்காக உட்காரும்.

பேரிங்கைக் கழுவி உலர்த்தி, உருளைகளில் நீலம் பாய்ந்த நிறமோ குழியோ இருக்கிறதா பார்த்து, கையேடு சொல்லும் கிரீஸை மட்டும் வையுங்கள். பழைய கிரீஸின் மேல் வேறு வகையைக் கலக்காதீர்கள். அழுத்தக் காற்றில் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்துவதும் கெடுதல். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அச்சு நட்டை இறுக்கி, லேசான பிடிப்பு வந்ததும் தளர்த்தி, அருகிலுள்ள துளையில் புதுக் காட்டர் பின் போடுங்கள். காலிப்பரை மாட்டி டார்க் வைத்து, கையேடு கேட்டால் பூட்டுக் கம்பி கட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

பலர் இத்துடன் ஜாக்கை இறக்கிவிடுவார்கள். கியர் மடங்கும் விமானத்தில் இன்னும் பாதி வேலை பாக்கி. 12 முதல் 24 மணி நேரம் விட்டு, அழுத்தத்தைச் சரிசெய்து, மூன்று இடத்திலும் ஜாக் கொடுத்து, வெளி மின்சாரத்தில் கியரை முழுதாக மடக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். டயர் பருத்த பிறகு செய்யும் சோதனைதான் சோதனை. காற்று அடித்த சூட்டோடு செய்தால் இருப்பதைவிட அதிக இடைவெளி இருப்பதாக ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் விமானத்தின் சொந்தக்காரரே செய்யலாமா?

பதில்: விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டு விதிப்படி. அமெரிக்கப் பதிவு என்றால் அந்நாட்டு விமான விதிகளின் பகுதி 43, இணைப்பு ஏ-யில் விமானி தானே செய்யக்கூடிய தடுப்புப் பராமரிப்புப் பட்டியல் இருக்கிறது. அதன் முதல் வரியே டயர் கழற்றுவதும் மாட்டுவதும்தான். பேரிங் கிரீஸும் அதில் உண்டு. பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றும் விமான நிறுவன வகைகளுக்கு இது பொருந்தாது. செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் தடவை மட்டுமாவது அனுபவமுள்ள டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ரிம் 6 அங்குலம்தான். 6.00-6 கிடைக்காதபோது 15×6.00-6 போடலாமா?

பதில்: ரிம்மில் ஏறும், ஆனால் போடக் கூடாது. அதன் வெளிவிட்டம் சுமார் 15 அங்குலம். புரொப்பெல்லர் நுனி தரைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நெருங்கிவிடும், தாங்கும் எடையும் வேறு. மறுதலையாக, 15×6.00-6 கேட்கும் விமானத்தில் 6.00-6 போட்டால் குழியில் இடிக்கும்.

கேள்வி: மழையில் இறங்கியபோது ஒரு டயரில் முட்டை வடிவத்தில் வழுவழுப்பான ஒரு திட்டு. ரப்பர் உருகியது போல் இருக்கிறது. பிரேக் கோளாறா?

பதில்: பிரேக் நன்றாகவே பிடித்திருக்கிறது, தரைதான் பிடிக்கவில்லை. பூட்டிய சக்கரம் ஈரத் தரையில் வழுக்கும்போது அடியிலுள்ள நீர் ஆவியாகி ரப்பரை அவித்துவிடும். அந்தத் திட்டு அதன் முத்திரை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை நாட் அளவில் கணக்கிட, காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்குங்கள். 42 பிஎஸ்ஐ என்றால் 58 நாட். 30 என்றால் 49. அதாவது காற்று குறைந்த டயர் இன்னும் மெதுவான வேகத்திலேயே மிதக்கும். சின்ன விமானங்களின் தரைதொடும் வேகம் இந்த எல்லையை ஒட்டியே இருப்பதால், நனைந்த ஓடுபாதையில் வேகம் இறங்கும்வரை பிரேக்கைத் தொடாமல் இருப்பதுதான் வழி. திட்டில் நூல் தெரிந்தாலோ, ஓடும்போது தடதடவென்று ஆடினாலோ டயரை மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த சில தரையிறக்கங்களில் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

கேள்வி: ஸ்ட்ரட்டிலிருந்து சிவப்பு ஆயில் சொட்டி டயரில் ஊறியிருக்கிறது. துடைத்தால் போதுமா?

பதில்: ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோலால் துடைக்காதீர்கள், அதுவும் ரப்பரைக் கெடுக்கும். காய்ந்த பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அந்த இடம் மட்டும் பஞ்சு போல அமுங்கினாலோ உப்பியிருந்தாலோ டயர் போய்விட்டது. கழுவுவதோடு நிற்காமல் சீலையும் மாற்றுங்கள். மேலே சொன்னபடி, ஆயில் சொட்டும் அந்த ஸ்ட்ரட்தான் நாளைக்கு முழுதாக நீளாமல் சக்கரத்தைக் குழியில் தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கும்.